வடநாட்டு முகம்

என் அறைச் சுவரில் ஒரு வகுப்புப் படம் மாட்டியிருக்கிறது. பட்டாபிராம் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தின் கடைசி ஆண்டுகளில் எடுத்தது. ஆறாம் வகுப்பு. நடுவில் நாற்காலியில் நான், வெள்ளைச் சட்டை, முழங்கால்மேல் கைகள். சுற்றிலும் பிள்ளைகள். படம் சரியாக வரவில்லை என்று அன்று புகைப்படக்காரரிடம் கோபித்துக்கொண்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று வலப்பக்கமாக எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

அந்த வகுப்பில் படித்த ஒரு சிறுமி இந்தப் படத்தில் இல்லை. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் இன்று எங்கேயோ வளர்ந்த பெண்ணாக இருப்பாள். அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கின. கட்டட வேலைக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல ஊர்க்காரர்கள். எங்களுக்கு எல்லாரும் 'இந்திக்காரப் பசங்க'தான். அவர்களைக் கடைசி பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்தேன். பாதி வருஷத்தில் போய்விடப் போகிறவர்கள், முன்னால் உட்கார வைத்து என்ன பயன் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொன்னேன். காலையில் அவர்கள் பைகளை மட்டும் குட்கா பொட்டலம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னதும் நான்தான். ஒருநாளும் ஒரு பொட்டலமும் கிடைக்கவில்லை. சோதனையையும் நிறுத்தவில்லை. படம் எடுத்த அன்று, சீருடை முழுமையாக இல்லை என்று அந்தப் பெஞ்சையே ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டேன். சீருடை முழுமையாக இல்லாத உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பின்வரிசையில் மறைத்து நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிறுமி ஒடிசாக்காரி. ஆனால் இரண்டு மூன்று வருஷமாக இந்தப் பக்கத்திலேயே சுற்றியதில் தெருத்தமிழ் அவள் நாக்கில் நன்றாகப் படிந்திருந்தது. பையன்கள் அவளைப் 'பானிபூரி' என்று கூப்பிடுவார்கள். "இன்னா பானிபூரி, இன்னைக்கு இன்னா துன்ன?" என்று ஒருவன் கேட்டதும், "உங்க ஊட்டு சோத்தையா துன்னேன்? பொத்திகினு போடா" என்று அவள் திருப்பிக் கொடுத்ததும் என் அறை ஜன்னல் வழியே கேட்டிருக்கிறது. கேட்டும், அவளுக்குத் தமிழ் தெரியாது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோடு நான் பேசியதில்லை. சைகைதான் காட்டுவேன்.

அது நடந்தது, கல்வி அதிகாரி வருவதற்கு முந்தைய நாள். சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தோம். மதிய உணவு முடிந்து நான் குழாயடிப் பக்கம் போனபோது சுவரின் கீழ்ப்பகுதியில் சிவப்பாக எச்சில் தெறித்திருந்தது. பக்கத்தில் அவள் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

"வாயைத் திற" என்றேன். திறந்தாள். நாக்கு சிவந்திருந்தது.

"இந்தத் துப்பற பழக்கத்தை எல்லாம் உங்க ஊரோட வச்சுக்கணும். போ, உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அப்பா இல்லாம இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கையை நீட்டி வாசலைக் காட்டினேன். அவள் போவதற்கு முன் தேங்காய் நாரைக் கொடுத்து, வகுப்புப் பிள்ளைகள் பார்க்க, அந்தச் சுவரைத் தேய்க்க வைத்தேன். தேய்த்தாள். கை கழுவிக்கொண்டு பையை எடுக்காமல் போனாள்.

பள்ளி விட்ட பிறகு அவள் அம்மா வந்தார். சித்தாள் வேலை செய்பவர். புடவை முழுக்க சிமெண்ட் தூசி. "சார், பாப்பா வீடு வரல்லே. பை இங்கே. பாப்பா எங்கே?" என்றார். அப்பாவைக் கூட்டிவரப் போயிருக்கிறாள் என்றேன். அவர் முகம் மாறியது. "அப்பா இங்கே வேலை இல்லே சார். வேற சைட்டு. ரெண்டு நாள் ஆச்சு. தூரம்." எந்த இடம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், இராத்திரி கொண்டுவந்து விடுகிறார், அவ்வளவுதான் தெரியும். மேஸ்திரியின் எண்ணுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு முதலில் வந்த நினைப்பு தண்டவாளம். பள்ளிக்கும் கொட்டகைக்கும் நடுவே ரயில் பாதை. அங்கே எல்லாரும் குறுக்கேதான் கடப்பார்கள். அதுவரை காதில் விழாத ஒவ்வொரு ஹாரனும் அன்று மாலை காதில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தார்.

போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். ஏட்டு. என் எதிரே உட்கார்ந்து, "அடையாளம் சொல்லுங்க சார்" என்றார்.

பெயரை வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். வயதையும் அப்படியே. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. "ஒல்லியா இருப்பா" என்றேன். "கறுப்பு... இல்ல, மாநிறம். வடநாட்டு முகம்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "வடநாட்டு மூஞ்சின்னா இன்னா சார்? இப்ப பட்டாபிராம்ல பாதிப் பேரு மூஞ்சி அதான். தெனம் பாக்குற புள்ளைதான? போட்டோ எதுனா கீதா?"

இந்தப் படம் அப்போது என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். "இதுல எது சார்?" இல்லை என்று தலையை அசைத்தேன். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை.

அவளோடு சுற்றுகிற உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி, சேக்காட்டில் ஆட்டோ ஓட்டுபவர் மகள், வீட்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றிருந்தாள். யாரும் கேட்காமலே அவள் பேசத் தொடங்கினாள்.

"சார், அவளுக்கு இந்தப் புருவத்துல வெட்டு கீது. செங்கல்லு பட்டுச்சாம். காதுல கம்மல் இல்ல, ஈர்க்குச்சி சொருகிகினு இருப்பா. ஒரு ஜடையில பச்சை ரிப்பன், இன்னொண்ணுல கறுப்பு. பச்சை நான் குடுத்தது. நடக்கும்போது ஒரு செருப்பு பட்டு பட்டுனு சத்தம் வரும். அப்புறம் இங்க பல்லு இல்ல சார், இன்னைக்குத்தான் வுழுந்துச்சு."

"எங்க வுழுந்துச்சு?" என்றார் ஏட்டு.

"இஸ்கூல்லதான். சாப்புடும்போது. ஒரே ரத்தம். கொழாயாண்ட போயி துப்புனா. அதுக்குதான் சார் அவளை..."

என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஏட்டு என்னைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். மதியம் அந்தச் சிறுமி வாயைத் திறந்து காட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. சிவப்பைப் பார்த்தேன். அதற்குள்ளிருந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. அவர் மகளின் பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

இருட்டத் தொடங்கும்போது ஏட்டுக்குத் தொலைபேசி வந்தது. ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒன்று தனியாக அழுதுகொண்டு நிற்கிறதாம். அம்மாவைப் பள்ளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஏட்டின் பைக்கில் ஏறிப் போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலப் பாவாடை, ஒல்லி, அதே உயரம், அதே எண்ணெய் காணாத தலை.

"பாத்து சொல்லுங்க சார், இதுதான?"

"இவள்தான்" என்றேன்.

உடனே சொன்னேன். புருவத்தைப் பார்க்கவில்லை. ரிப்பன் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை. சற்று முன்புதான் ஒரு சிறுபிள்ளை எல்லாவற்றையும் எனக்குச் சொல்லியிருந்தாள். ஆனாலும் எனக்கு அது முடிந்தால் போதும் என்றிருந்தது. "பயப்படாதே, வா" என்றேன். அந்தப் பிள்ளை மிரண்டு பின்னுக்கு இழுத்தாள். எங்கள் பிள்ளையாக இருந்தால் அந்நேரம் நாலு வார்த்தை பேசியிருப்பாள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஏட்டு எல்லாருக்கும் போன் செய்தார். தண்டவாள ஓரம் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்த கொட்டகை ஆட்களும் அக்கம்பக்கத்தாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கி படியேறி ஓடி வந்தார். பாதி தூரத்திலேயே நின்றுவிட்டார். பக்கத்தில்கூட வரவில்லை. "நம்ம பாப்பா இல்லே" என்றார். பிறகு பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்தார். அதே நேரம் டிக்கெட் வாங்கப் போயிருந்த இன்னொரு அம்மா, தன் மகளைப் போலீஸ்காரர் பிடித்திருப்பதைக் கண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தார். என்ன மொழி என்று தெரியவில்லை. என்ன கத்தினார் என்பது புரிந்தது. இரண்டு தாய்மார்களுக்கு நடுவில், ஒரு கையில் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

ஏட்டு மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க சொல்லித்தான சார் தேடினவங்கள திருப்பி அனுப்பினேன்."

தேடுபவர்களை மறுபடி கூப்பிட்டு, பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்தோம். அந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. யாரோ ஒருவர், இந்து காலேஜ் ஸ்டேஷன் பக்கம் ரயிலில் யாரோ அடிபட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆளா, மாடா என்று அவருக்கே தெரியாது. ஏட்டு விசாரித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பட்டு பட்டு என்று செருப்புச் சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் மகள்தான் முதலில் தலையைத் தூக்கினாள். "வந்துட்டா!" என்று ஓடினாள்.

வாசல் விளக்கு வெளிச்சத்துக்குள் அவள் வந்து நின்றாள். பின்னால் ஒரு மனிதர், கையில் கம்பி கட்டும் கொக்கியோடு, வேலை உடுப்பிலேயே. அவள் வாசலைத் தாண்டவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், நைனாவ இட்டாந்துட்டேன்."

முதலில் அப்பாவின் பழைய வேலையிடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே காவலாளி விரட்டியிருக்கிறார். விசாரித்து விசாரித்து, கையில் காசு இல்லாமல், திருமுல்லைவாயில்வரை நடந்திருக்கிறாள். வேலை முடியும்வரை மணல் குவியலில் காத்திருந்து, அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, அடுத்த நொடி இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அந்த அப்பா கொக்கியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் கை கூப்பினார். "தப்பு சார். சின்னப் பொண்ணு. இனிமே துப்பாது சார்."

நான் சொல்ல வந்தது இதுதான். அவர் தப்பு என்று சொன்னபோது எனக்கு உண்மை தெரியும். பல் என்று தெரியும். ஆட்டோக்காரர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "சரி, சரி. பார்த்துக்கோங்க" என்றேன்.

பிறகு ஒரு வாரம் அந்தச் சிறுமி பள்ளிக்கு வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வங்கியில் இருந்த ஒரு வடநாட்டு ஊழியரிடம் இந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடமும் செய்தேன். என்னிடம் நல்ல தமிழில் பேசிய பிள்ளைக்கு, அவள் மொழியும் இல்லாத மொழியில். திங்கட்கிழமை கடைசி பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. வேலை முடிந்து கொட்டகையையே பிரித்துவிட்டார்கள்.

இப்போது நான் திருமுல்லைவாயிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் கம்பிகளை அவள் அப்பா கட்டியிருக்கலாம். மாலையில் ஸ்டேஷன் வரை நடப்பேன். வேலை விட்டு வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சிலர் என்ன என்பதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள். புருவத்தில் வெட்டோடு ஒருத்தி கடந்துபோனால் தெரிந்துகொள்வேனா என்ற பயம் என்னை விடவில்லை.

போன மாதம் ஆட்டோக்காரர் மகள் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். இப்போது செவிலியர். அவளுடைய அந்தத் தோழி எங்கே இருக்கிறாள், தெரியுமா என்று கேட்டேன். "தெரியல சார். போன் நம்பர் எல்லாம் அப்ப ஏது?" என்றாள். அவள் எழுந்து போய் இந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். நின்றவள் சிரித்துவிட்டாள்.

"நாங்க ஏன் சார் இப்படி சிரிச்சிகினு கீறோம், தெரியுமா? அவள ஓரமா நிக்கச் சொன்னீங்கல்ல? கேமராக்காரருக்குப் பின்னால வந்து நின்னுகினு, கைய பின்னால கட்டிகினு, வயித்தத் தள்ளிகினு, அப்படியே உங்கள மாதிரியே நடந்து காட்டினா சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை என்றேன். அவள் போன பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்ட பையன் அவளைப் பார்க்கிறான். ரிப்பன் கொடுத்தவள் அவளைப் பார்க்கிறாள். முன்வரிசையே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.