துணியின் எடை

ஓர் உயிருக்காகப் போராடுவதா வேண்டாமா என்பதை ஒரு துண்டுத் துணி முடிவுசெய்யலாமா? பிரசவ அறையில் இருபத்தோரு ஆண்டுகள் குழந்தைகளை எடைபோட்ட அந்த நர்ஸின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் 'தராசக்கா'. முதலில் துணியை விரித்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் குழந்தையை வைப்பார். அதை மறந்தவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அந்த மருத்துவமனையில் ஐந்நூறு கிராம்தான் கோடு. மேலே என்றால் பெற்றோரைக் கேட்டுத் தீவிர சிகிச்சை. கீழே என்றால் யாரையும் கேட்பதில்லை. கருச்சிதைவு என்று எழுதிவிடுவார்கள். பதிவேட்டில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. தலைமை டாக்டரின் இறப்பு விகிதம் பளபளவென்று இருக்கும்.

மருத்துவமனைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த பெரியவரின் பேரன் ஐந்தரை மாதத்தில் பிறந்தான். நானூற்று எழுபது.

"துணியோட போடுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர்.

"அது புதுசா வந்த பிள்ளைங்க பண்ற தப்பு, சார்."

"இன்னிக்கு நீங்களும் புதுசுன்னு நினைச்சுக்குங்க."

போட்டார். அதை மறைத்து அவரைப் பெரிய மனுஷியாக்க முடியாது. துணியின் நாற்பது கிராமும் சேர்ந்து ஐந்நூற்றுப் பத்து. பெற்றவளை யாரும் கேட்கவில்லை. பதினொரு நாள் ஊசி, குழாய், பிளாஸ்திரியோடு உரிந்துவந்த தோல். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பெரியவரும் டாக்டரும் பல் தெரியப் படம் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் பெட்டி காலி. அதன்பிறகு டாக்டரின் சென்ட் வாடை வந்தாலே தராசக்கா வேறு அறைக்குப் போய்விடுவார்.

அடுத்த மாதம் அங்கேயே துணி வெளுக்கும் பெண்ணுக்குப் பிரசவம். நானூற்றுத் தொண்ணூறு.

"கோட்டுக்குக் கீழ. டிரேல வைங்க. அந்தம்மாகிட்ட எதையும் சொல்லிக் கிளறாதீங்க," என்று டாக்டர் கை கழுவப் போனார்.

தராசக்கா கட்டிலருகே குனிந்தார். "மூச்சு இருக்கும்மா. குழாய் போடச் சொல்லிச் சண்டை போடவா? பிழைக்கிறது ரொம்பக் கஷ்டம், வலியும் ஜாஸ்தி. இல்ல, கையில வச்சுக்கிறியா?"

"என்னையா கேக்கறீங்க?"

"பெத்தவ நீதானே? வேற யாரைக் கேப்பேன்?"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்கக்கா. குத்த வேணாம்."

நாற்பது நிமிடம் அவள் மார்பில் கிடந்து அடங்கியது.

தராசக்கா கருச்சிதைவு நோட்டைத் தொடவில்லை. பிறப்புப் பதிவேட்டைத் திறந்து, 'பெண், ஐந்நூற்று முப்பது கிராம்' என்று எழுதினார். இறப்புப் பதிவேட்டிலும் அதையே எழுதினார். டாக்டர் கத்தினார், விசாரணைக்குழு மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டது. ஏன் என்று ஓய்வுபெறும்வரை அவர் யாருக்கும் சொல்லவில்லை.