டல்லாஸ் அருங்காட்சியகத்தில் நாலு வயது சுல்தானின் அம்மா

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் வசிக்கும் காப்பெலிலிருந்து டல்லாஸ் டவுன்டவுனில் இருக்கும் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். கலை ஆர்வம் பாதிக் காரணம்தான். எங்கள் மகன் அகிலுக்கு நாலரை வயது. செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஐந்து முடியாததால், அரசுப் பள்ளியில் இந்த வருடம் கிண்டர்கார்டன் கிடையாது. ஒரு தனியார் பள்ளி டெஸ்ட் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதே எடுத்துக்கொள்கிறோம் என்றது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சேர்க்க ஆசை, கணவர் கார்த்திக்குக்கு இல்லை. வீட்டில் அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே கிளம்பினோம்.

காலை 10.20க்குப் புறப்பட்டோம். ஃப்ரீவேயில் இருபத்திரண்டு மைல், முப்பத்தைந்து நிமிடம். நுழைவு இலவசம். நிலத்தடி பார்க்கிங்குக்குப் பதினெட்டு டாலர் ஆனது (சனிக்கிழமை என்பதாலோ என்னவோ).

நான் சென்னையில் எம்.ஏ. வரலாறு படித்தவள். இங்கே அந்தப் படிப்பு இதுபோன்ற இடங்களில்தான் எட்டிப்பார்க்கும். ஈரானை ஆண்ட செல்ஜுக் துருக்கியர் காலத்துக் கிண்ணம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். நடுவில் ஒருவர் சம்மணமிட்டு அரியணையில் இருக்கிறார். குழந்தை மாதிரி வட்ட முகம்.

"ஹூ இஸ் தட்?" என்றான் அகில். யாரென்று தெரியாது. அதனால் தெரிந்த கதையைச் சொன்னேன்.

பதினோராம் நூற்றாண்டு செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷாவின் மனைவி தெர்க்கன் காத்தூன். அவளும் அரச குடும்பத்தில் பிறந்தவள்தான். தனக்கென்று படையும் அதிகாரிகளும் வைத்திருந்தாள். ஏற்கெனவே மகன்களைப் பறிகொடுத்தவள். பாக்தாதில் கணவர் இறந்ததும் சாவை வெளியே தெரியாமல் மறைத்தாள், தளபதிகளுக்குப் பணத்தை வாரி இறைத்தாள், கடைக்குட்டி மஹ்மூதை சுல்தானாக அறிவிக்க வைத்தாள். அவனுக்கு நாலு வயதுதான், போதாது என்று ஆட்சேபம் வந்தது. அவள் விடவில்லை.

"லைக் மீ?"

"ஆமா, உன் வயசுதான்டா."

அகில் உடனே தரையில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஹவ் லாங் டு ஐ சிட், அம்மா?"

"ராஜான்னா நாள் முழுக்க உக்காரணும்."

"நோ பாத்ரூம் பிரேக்?"

கார்த்திக் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "டெஸ்ட்ல நாப்பது நிமிஷம் அசையாம உக்காந்தான். டீச்சரே சொன்னாங்க."

"உக்காந்தான். அன்னிக்கு ராத்திரி பெட்டை நனைச்சான். அதையும் சேர்த்துச் சொல்லேன்." பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"பெரிய பையன் ஒருத்தன், வேற அம்மாவோட பிள்ளை, அவன் ராஜாவாயிட்டான்," என்று நிறுத்திக்கொண்டேன். தெர்க்கன் இரண்டு வருடத்துக்குள் இறந்துபோனாள். கொஞ்ச நாளில் மஹ்மூதும் பெரியம்மையில் போனான். அகில் காதுபட அதை எப்படிச் சொல்வது?

தெர்க்கனைப் பேராசைக்காரி என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றாள் மகன் அரியணை ஏறினால் தன் பிள்ளை உயிரோடு இருப்பானா என்று அவள் பயந்திருக்கலாம். காத்திருக்க அவளுக்கு வழியில்லை. நான் காத்திருந்தால் என்ன ஆகும் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அகில் ஒரு வருடம் கழித்துப் பள்ளிக்குப் போவான். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: திறக்கும் நேரமான பதினொன்றுக்கே போய்விடுங்கள், ஒரு மணிக்கு மேல் கூட்டம். குழந்தைக்கு முதலிலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள், உள்ளே எடுத்துப்போக முடியாது. சின்னப் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் தாராளம்.

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கு வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. மாலையில் டேகேர் வாசலில் அகிலிடம், "இந்த வருஷமும் இங்கதான்டா," என்றேன்.

"ஓகே," என்று சொல்லிவிட்டு மணல் தொட்டிக்கே திரும்ப ஓடினான். காரில் ஏற்ற இன்னும் இருபது நிமிடம் ஆனது.