வேட்பாளரின் தங்கை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுப்பவர்களிடம், "மூச்சை விடுங்க சார், சட்டையை ஏமாத்தினா பொத்தான்தான் தெறிக்கும்" என்பாள். புருஷனின் அடி தாங்காமல் வந்தவள், கடையின் பின்னறையிலேயே குடியிருந்தாள்.

அவளுடைய அண்ணன் நகரமன்றத் தேர்தலில் நின்றான். அதுவரை சாக்கடை, குடிநீர் என்று பேசிக்கொண்டிருந்த எதிர்க்கட்சி வண்டி, ஒரு காலையில் அவள் கடை முன்னால் வந்து நின்றது. ஒலிபெருக்கி அலறியது.

"தங்கச்சியைப் புருஷன் வீட்டுல வாழவைக்க வக்கில்லாதவன் ஊரை வாழவைக்கப் போறானாம்!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கல் விழுந்தது. கடைக் கண்ணாடி நொறுங்கி அவள் நெற்றியைக் கிழித்தது.

சில்லுகளை மிதித்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான்.

"ஓட்டுப் போடுற வரைக்கும் அவன்கூடப் போய் இரும்மா. நம்ம மானம் சந்திக்கு வந்துடுச்சு."

"அடிப்பான்ணா."

"நான் பேசிட்டேன். தொட மாட்டான்."

தாயில்லாத அவளைச் சோறூட்டி வளர்த்தவன் அவன். அதை நினைத்துத்தான் போனாள். தம்பதியின் படம் மறுநாளே சுவரொட்டியில் வந்தது. மேலே 'குடும்பம் காக்கும் தலைவர்' என்று கொட்டை எழுத்து.

புருஷன் அந்த வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. "ஊரே என்னைப் பத்திப் பேசுதேடி!" என்று அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மறுபடி கதவைத் திறந்தபோது, இடது கைக்கு அகப்பட்ட இரும்பு வாணலியால் அவன் தாடையில் ஓங்கி அடித்தாள். அவன் பல்லும் ரத்தமுமாகத் தரையில் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன், கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

பதிலாக இடது கையால் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்சி மகளிரணித் தலைவி படம் எடுப்பவரோடு நுழைந்தாள். "உனக்கு நியாயம் கேக்கத்தான்மா வந்திருக்கோம். கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு."

"கல்லெறிஞ்சது உங்க ஆளுங்கதானே? வெளியே போங்க!"

அவர்கள் போகவில்லை. அண்ணனோடு வந்திருந்த ஆட்கள் படம் எடுப்பவரின் கழுத்தைப் பிடித்தார்கள். நடைவழியில் நாற்காலிகள் பறந்தன. ஒருவன் மண்டை பிளந்து சுவரோடு சரிந்தான். இரண்டு பக்கமும் அவளுடைய மானத்தைச் சொல்லித்தான் அடித்துக்கொண்டன.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியேறி, நேராகக் காவல் நிலையம் போனாள். கை முறித்தவன், கல்லெறிந்தவர்கள், அனுப்பிவைத்த அண்ணன் என்று மூன்று தரப்பின் மேலும் புகார் சொன்னாள். அண்ணனைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

புருஷன் சிறைக்குப் போனான். அண்ணன் தேர்தலில் ஜெயித்தான். அவன்மேல் சொன்ன புகார் அப்படியே அமுங்கிப்போனது. வலது கை பழையபடி கூடிவரவில்லை. இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகும்வரை எத்தனையோ துணி பாழானது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம், "சாக்கடையைப் பத்திப் பேசுறதுன்னா உள்ள வாங்க" என்றாள்.