மேல் வீட்டுக்காரரைப் பார்க்கக் கோட்டையூருக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு முதல் பேருந்து. கொடைக்கானல் கீழ்மலையில் எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டு முப்பத்தெட்டு கிலோமீட்டர். அத்தனையும் இறக்கம், அத்தனையும் வளைவு. பையில் இரண்டு கிலோ காப்பித்தூள், ஒரு கிலோ மிளகு, நாலு சேலை. ஒரே ஒரு ராத்திரி தங்கலுக்கு நாலு சேலை எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதற்றத்தில் மடித்து வைத்தது, எனக்கே தெரியவில்லை.

"ஃபோன்லயே சொல்லித் தொலைச்சிடு செல்வி. இதுக்குப் போய் யாராவது காரைக்குடி வரைக்கும் போவாங்களா?" என்றார்.

போவார்கள். நான் போனேன். சொல்ல வேண்டிய விஷயம் அப்படி.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ஒரு சரிவு இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் சரிவு. முக்கால் ஏக்கர். அதைக் கோட்டையூர்க்காரர் கருப்பையா இரண்டு வருடம் முன்பு வாங்கினார். காரைக்குடியில் பைப்பு, மோட்டார் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி சிவகாமி பள்ளிக்கூட டீச்சர். நிலம் பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் காப்பி. தங்கமான மனிதர்கள். சிவகாமிக்கு ஒற்றைத் தலைவலி. கோடை வந்தால் இருட்டறையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடப்பாராம். அவருக்காகத்தான் மலையில் வீடு.

ஆனால் எங்கள் பக்கம் நினைத்த இடத்தில் வீடு கட்ட முடியாது. சட்டம் இருக்கிறது. சரிவு அதிகமான நிலத்தில் கட்டடம் கூடாது, அனுமதியில்லாமல் ஜேசிபி இறக்கக் கூடாது, ஏழு மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது. சட்டத்தை வளைக்க ஆள் உண்டு என்பதும் ஊருக்கே தெரியும். போன ஐப்பசி மழையில் மேலே ஒருவரும் ஒரு மண்வெட்டி போடாதபோதே மண் சரிந்து எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரைத் தள்ளிவிட்டது. மாடு தப்பியது முருகன் புண்ணியம். இதில் மலையை அறுத்து வீடு கட்டினால் என்ன ஆகும்? கருப்பையா வரைபடம் கொடுத்து அனுமதி கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் நான் ஆட்சேபணை மனு போட்டேன். என் பெயரில், என் கையெழுத்தில். அனுமதி இல்லை என்று அவருக்குக் கடிதம் போய்விட்டது; மனு போட்டது யார் என்று அதில் இல்லை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து வந்த ஃபோன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "அக்கா, யாரோ பொறாமை பிடிச்சவுக மனு போட்ருக்காக. நீங்கதான் கீழ் வீடு. எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீகன்னா மேல அப்பீல் போய்ப் பாத்துருவேன். ஒருதரம் நம்ம வீட்டுக்கு வாங்களேன், வந்து ரெண்டு நாள் இருங்க."

பொறாமை பிடித்தவள் நான்தான் என்பதை ஃபோனில் எப்படிச் சொல்வது?

எட்டேகாலுக்கு வத்தலக்குண்டு. அங்கிருந்து மதுரை ஆரப்பாளையம், ஐம்பது ரூபாய். ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உட்கார இடமும் இல்லை. பதினொன்றரைக்குக் காரைக்குடி பேருந்து, எண்பது ரூபாய். மேலூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக அடித்தது காற்றல்ல, அடுப்பு வாய். மலையில் பிறந்தவளுக்குச் சமவெளிக் கோடை என்பது தண்டனை. கொண்டுபோன தண்ணீர் வெந்நீராகிவிட்டது.

திருப்பத்தூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பூக்காரம்மா, குன்றக்குடி வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தா பாருங்க, எங்க மலை" என்று காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். மேலே முருகன் கோயிலோடு ஒரு பாறைக்குன்று. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மேடு. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

"நீங்க எந்தூரு?"

"கொடைக்கானல் பக்கம்."

"அட, குளுகுளுன்னு இருக்குற ஊர விட்டுட்டு இந்த வேகாத வெயிலுக்கு வந்தீகளாக்கும்? என்ன கிறுக்கு!" என்று என் கையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஒன்றே முக்காலுக்குக் காரைக்குடி. பேருந்து நிலையத்தில் கருப்பையா காரோடு நின்றார். "வாங்கக்கா வாங்கக்கா! இங்குட்டு வாங்க, நெழல்ல நில்லுங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். கோட்டையூர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பெரிய பெரிய பழைய வீடுகள், நடுநடுவே பெட்டிக்கடை, சந்தில் திரும்பும் டவுன் பஸ். ஊரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி. எந்தத் தெருவில் நின்றாலும் கடைசி வரை தெரிந்தது. எங்கள் ஊரில் பத்தடிக்கு மேல் நேராக ஒரு பாதை கிடையாது.

சிவகாமி பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தார், வாசலுக்கே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது, நெற்றியில் தைலம் மின்னியது. அதோடுதான் எனக்காக ஏழு வகை சமைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்த போதெல்லாம் இலையில் ஏதோ ஒன்று விழுந்தது. சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம் என்றால் அந்த ஊர் இனிப்பு, கந்தரப்பம் வந்தது. அதையும் முடித்துச் சொல்லலாம் என்றால், "கொஞ்ச நேரம் படுங்கக்கா, ஏசி போட்ருக்கேன்." படுத்தேன். உண்ட வீட்டில் தூக்கம் வேறு வந்தது, வெட்கக்கேடு.

மாலை ஐந்து மணிக்குக் கருப்பையா வரைபடத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் நாலு பைப்புத் துண்டை வைத்தார்.

நாற்பதடி அகலம், நூற்றிருபது அடி நீளம். முகப்பு, அப்புறம் முற்றம், அப்புறம் இரண்டாம் கட்டு, சமையல்கட்டு, பின்வாசல். எல்லாம் ஒரே கோட்டில், ஒரே மட்டத்தில்.

"தம்பி, இதைச் சரிவுல எப்படி வைப்பீங்க?" என்றேன்.

"நானே டேப் பிடிச்சு அளந்தேன்க்கா. நூத்தி அம்பது அடி இருக்கு. தாராளம்."

புல்லின் மேல் டேப்பைச் சரிவோடு படுக்கப் போட்டு அளந்திருக்கிறார்! தரை என்றால் படுத்துத்தான் கிடக்கும் என்று நம்பும் ஊர்க்காரர். அந்த வீட்டுக்கு ஒரே மட்டம் வேண்டுமென்றால் பின்பக்கம் ஒரு தென்னைமர உயரத்துக்கு மலையை அறுக்க வேண்டும். அறுத்த மண் எங்கே போகும்? என் அடுப்படிக்குத்தான்.

"ரெண்டு மூணு படியா இறக்கிக் கட்டலாமே, சின்னதா?" என்று கேட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவில் அதற்கும் அனுமதி கிடைக்காது என்று தெரிந்தும், கோழைத்தனமாக.

"வாசல்ல நின்னா பின்வாசல் தெரியணும்க்கா. அப்பத்தான் அது வீடு. நாளைக்குக் காலையில கானாடுகாத்தான் கூட்டிட்டுப் போறேன், பாருங்க. உங்களுக்கே புரியும்."

அப்போதும் நான் சொல்லவில்லை.

புதன் காலை ஏழு மணி. வெள்ளைப் பணியாரம் எட்டு, காரச் சட்னி, கண்ணில் நீர். அதோடு மூன்று பேரும் கானாடுகாத்தானுக்குக் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வீடுகளில் பூட்டு, சிலது ஓட்டலாகியிருக்கிறது. காவலுக்கு ஆள் இருந்த ஒரு வீட்டில் தலைக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அசந்துபோனேன். வாசற்படியில் நின்று பார்த்தால் நிலைக்கு உள்ளே நிலை, அதற்கு உள்ளே நிலை. முற்றத்து வெயில், நிழல், மறுபடி வெயில். கடைசியில் கட்டைவிரல் அளவுக்குப் பின்தெரு. அதில் ஒரு சைக்கிள் குறுக்கே போனது.

"தெருவுல ஆரம்பிச்சுத் தெருவுல முடியும்" என்றார் கருப்பையா. அவர் குரல் இறங்கியிருந்தது. "சின்னப்புள்ளையில இந்த மாதிரி வீட்டு வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவேன். உள்ள விடமாட்டாக. என்னைக்காவது ஒரு நாள் இப்படி ஒண்ணு கட்டி, இவளை உக்கார வைக்கணும்னு..." சிவகாமி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றார். வெயிலில் அவருக்குத் தலைவலி ஏறிக்கொண்டிருந்தது.

பாவி, இவர்களுடைய ஆசையிலா மண்ணைப் போட்டோம் என்று நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் மாட்டுக்கொட்டகையும் தெரிந்தது.

பத்து மணிக்குத் திரும்பினோம். காரை நிறுத்திய இடத்தில், அவர் வீட்டை ஒட்டி, ஒரு காலி நிலம். முதல்நாள் கவனிக்கவில்லை. மெயின் ரோட்டுக்குப் பக்கம், நல்ல விலை போகும் இடம். குப்பைகூட இல்லாமல் சுத்தமாகக் கிடந்தது.

"இது ஏன் சும்மா கிடக்கு?" என்றேன்.

"அது ஊரணிக்குத் தண்ணி போற வழிக்கா. மழை பேஞ்சா அங்குட்டு இருந்து வந்து இது வழியாத்தான் எறங்கும். பாத்தா மட்டமாத் தெரியும், ஆனா வாட்டம் இருக்கு. இதுல யாரும் செங்கல் வைக்கக் கூடாது. என் பங்காளி ஒருத்தன் கார் ஷெட்டு போட வந்தான், சொந்த இடம்னு பத்திரத்த வேற காட்டுறான். விடுவேனா? மனு போட்டு நிறுத்திட்டேன்."

"யார் பேர்ல போட்டீங்க?"

"என் பேர்லதான். மொட்டை மனுப் போட நான் என்ன கோழையா? அவன் ஒரு வருசம் பேசல. பேசாட்டிப் போறான், தண்ணி எறங்கணும்ல?"

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"தம்பி, உங்க நிலத்துக்கு மனு போட்டது நான்தான். என் பேர்லதான் போட்டேன்."

கார் சாவி அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது, நின்றது.

"நீங்களா?"

"நான்தான். அந்தச் சரிவை அறுத்தா மண்ணு என் வீட்டு மேலதான் வரும். போன மழைக்கே கொட்டகை போச்சு. உங்க ஊரணித் தண்ணிக்கு வழி இது. எங்க மண்ணுக்கு வழி அது. கையெழுத்துப் போட மாட்டேன், அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன்."

"குன்றக்குடி உச்சியில கோயிலே நிக்குதேக்கா! என் வீடு நிக்காதா?"

"அது பாறை தம்பி. எங்களுது வெறும் மண்ணு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நிலத்த விடுங்க. நேத்து மத்தியானம் வந்தீக. எங்க வீட்ல சாப்ட்டீக, படுத்தீக, பிளானை விரிச்சு வச்சுப் பைத்தியக்காரன் மாதிரிப் பேசிட்டிருக்கேன், கேட்டுட்டு உக்காந்திருந்தீகளே. அப்பவே சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. வாயைத் திறந்தா உங்க வீட்டம்மா கந்தரப்பம் வெச்சு அடைச்சிட்டாங்க. நான் என்ன பண்ண!"

சிவகாமி குபுக்கென்று சிரித்துவிட்டார். கருப்பையா சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கதவை அறைந்து கடைக்குப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தோம். சிவகாமி கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "உங்க மேல கோவம் இல்லக்கா. தண்ணி போற வழியைப் பாத்து வளந்தவ நான், எனக்குப் புரியுது. ஆனா இந்த வெயில்ல நான் எப்படி இருப்பேன், சொல்லுங்க?"

"எங்க வீட்டு மாடியில காப்பிக்கொட்டை போட்டு வைக்கிற அறை ஒண்ணு இருக்கு. காலி பண்ணி வெள்ளையடிச்சுத் தர்றேன். பள்ளிக்கூடம் அடைச்ச அன்னைக்கே வந்துடுங்க."

"வருசா வருசம் விருந்தாளியா வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"எட்டுப் பணியாரம் தின்னுருக்கேன், கணக்குச் சரியாப் போகும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குத் தனியாகவே கிளம்பினேன். சிவகாமி ஆட்டோ பிடித்துக்கொடுத்தார், நூற்றைம்பது ரூபாய். மதுரைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். சமவெளியில் சண்டை என்றால் பக்கத்து வீட்டோடு. நடுவில் சுவர் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எங்களுக்கு மேல் வீடு, கீழ் வீடு. சுவர் வைத்து என்ன செய்ய? அந்த மனிதரை இழந்துவிட்டேன் என்பதுதான் அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கண்டக்டர் விசில் ஊதப்போகும் நேரம், ஜன்னலைத் தட்டும் சத்தம். கருப்பையா. கடையிலிருந்து வேகமாக வந்திருக்க வேண்டும், சட்டை முழுக்க வேர்வை.

"அங்க என்ன நட்டா மண்ணு நிக்கும்?" என்று கேட்டார். வணக்கம் இல்லை, அக்காவும் இல்லை.

"குறுக்கால வரிசையா வெட்டிவேர். நடுவுல பலா, ஆரஞ்சு, சில்வர் ஓக்கு."

"மழைக்கு முந்தி நட்ருவீகளா?"

"நட்டுடலாம்."

பேருந்து நகர்ந்தது. கூடவே நடந்து வந்தார். "அக்கா, வேலி மட்டும் போடாதீக. உங்க தோட்டத்தோட தோட்டமா இருக்கட்டும்!"

சரி என்று தலையை ஆட்டினேன். திருப்பத்தூர் வரைக்கும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஊர்ல ஏதும் துக்கமாத்தா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. மேல் வீட்டுக்காரங்க குடிவர்றாங்க" என்றேன்.