சசிரேகாவும் இருபத்திரண்டு கறுப்புப் படிகளும்

மலைமேல் இருக்கிற பிரிஞ்சாங் டவுனில் உமர் அண்ணனின் கல் கடைக்கு, வீட்டுக்குக் கிரானைட் வாங்க வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். கல்லைக் காட்டு என்றால் அங்கே விற்பனைக்கு நிற்கிற சசிரேகா கல்லைக் காட்டமாட்டாள். உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், காலையில் முதலில் எழுந்திருப்பது யார், சாமி விளக்குக்கு என்ன எண்ணெய், மீன் கழுவுவது சமையலறையிலா வெளியிலா, வாசல் தெளிக்கிற வழக்கம் உண்டா. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இத்தனை விசாரணை இருக்காது. பொறுமை இல்லாதவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். போனவர்களில் பாதிப்பேர் பிறகு மஞ்சள் கறையோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

மஞ்சள் கறை என்றால் காஷ்மீர் ஒயிட் சமாச்சாரம். வெள்ளை வெளேரென்று, நடுநடுவே மிளகுப் பொடி தூவியதுபோல இருக்கும் அந்தக் கல்லைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அடுப்பு மேடைக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். சசிரேகா சொல்லிப் பார்ப்பாள். அது தண்ணீரையும் எண்ணெயையும் குடிக்கிற கல், மேலே மருந்து பூசினாலும் அடிக்கடி திரும்பப் பூசவேண்டும், நாமோ மூன்று வேளையும் மஞ்சளும் புளியும் புழங்குகிறவர்கள், வேண்டுமானால் ஹாலில் சுவரோரம் போடுங்கள், அடுப்படிக்கு டேன் பிரவுன் மாதிரி இறுக்கமான கல்லாக எடுங்கள் என்பாள். கேட்காதவர்கள் வாங்கிக்கொண்டு போய், ஒரு தீபாவளிக்குச் சமைத்துவிட்டு வந்து நிற்பார்கள். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் முதுகில் கூடையை மாட்டி, ஒன்பது வருடம் கொழுந்து எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு டவுனுக்கு வந்து, உமர் அண்ணனின் பட்டறையில் கல் தூள் கழுவிவிடுகிற வேலையில் சேர்ந்தாள். அறுத்து எறிந்த துண்டுகளை மற்றவர்கள் பள்ளத்தில் கொட்டுவார்கள். இவள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். அடுப்படி ஜன்னலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு. காலையில் விட்டதைச் சாயங்காலம் துடைத்துப் பார்ப்பாள். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்பது அவளுக்கு மனப்பாடம். ‘சோறு கேட்டா கல்லைக் காட்டுறா’ என்று அவள் கணவன் குகன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனாலும் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வருவது அவன்தான்.

வீட்டுக்குப் பின்னால் மழையில் கிடக்கிற துண்டுகள் இன்னொரு வரிசை. உள்ளே ராஜாவாக இருக்கிற சில வெளிர்நிறக் கற்கள் வெளியே போட்டால் ஆறு மாதத்தில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விடும். அது அப்படித்தான் தெரிந்தது. ஒருமுறை கீழேயிருந்து ஒரு வியாபாரி சுத்தமான கறுப்புக் கல் என்று லோரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். சசிரேகா ஒரு துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். துணி கறுப்பாகிவிட்டது. சாம்பல் கல்லுக்குச் சாயம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். லோரி வந்த வழியே திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து எந்தக் கல் வந்தாலும், இறக்கச் சொல்வதற்கு முன் உமர் அண்ணன் அவள் முகத்தைப் பார்ப்பார்.

அவளும் ஒரு தப்பு செய்திருக்கிறாள். அதை மறைத்துவிட்டு அவளைப் புகழ்ந்தால் அவளுக்கே பிடிக்காது. பட்டறையிலிருந்து கடை விற்பனைக்கு மாறிய புதிதில், பக்கத்து ஊரான கியா பார்மில் ஸ்டிராபெரி கடை போட்டிருந்த நாகரத்தினம் தன் வீட்டு வாசல் படிக்குப் பளபளவென்று பாலிஷ் போட்ட கல் கேட்டார். இந்த மலையில் மூடுபனி இறங்கினால் பாலிஷ் கல்மேல் எண்ணெய் தடவிய மாதிரி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். புதிதாக வந்தவள் வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த வருட மழையிலேயே நாகரத்தினம் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போனவளிடம், கல் நல்ல கல்தான், என் கால்தான் சரியில்லை என்று சிரித்திருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். திறந்தவெளிப் படிக்கு இனி யாருக்கும் பாலிஷ் கல் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் திரிங்காப் ஊர்த் திருச்செல்வம் வந்து சேர்ந்தார். கோசும் பூவும் ஏற்றி மூன்று லோரி ஓட்டுகிறவர். மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கீழே சாலை, அங்கிருந்து ஓராள் உயரத்துக்கு மண் ஏற்றம், அதற்குமேல் வீட்டு வாசல் வரைக்கும் இருபத்திரண்டு படி. அடுப்படிக்கு அவர் சொன்ன கல்லுக்கு சசிரேகா தலையாட்டினாள். சாமி அறைக்குச் சொன்ன கல்லுக்கும் தலையாட்டினாள். படிக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு என்றார். கொடுக்க முடியாது என்றாள். உமர் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருடத்திலேயே அதுதான் பெரிய ஆர்டர். முதல் நாளே அவர் திருச்செல்வத்திடம் சரி சொல்லியும் விட்டிருந்தார்.

திருச்செல்வம் கோபப்படவில்லை. அந்தப் படி தனக்காக இல்லை, அம்மாவுக்காக என்றார். மூன்று வருடமாக அம்மா கேட்கிற ஒரே பொருள் அது. வீட்டில் வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், படியை மட்டும் தொடாதே தங்கச்சி, நம்பாவிட்டால் நீயே வந்து கேட்டுப் பார் என்றார்.

மறுநாளே போனாள். கூடவே ஒரு சாம்பல் நிறக் கல்லும், நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கறுப்புக் கல் ஒன்றும் கொண்டுபோனாள். அந்தச் சொரசொரப்பு இருந்தால் கால் வழுக்காது. ஆனால் நெருப்புப் பட்டதும் கல்லின் கறுப்பு வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். திருச்செல்வத்தின் அம்மா மாரியம்மா, அறுபத்தெட்டு வயது, பூசாத சிமெண்ட் படியில் கோணியை விரித்து உட்கார்ந்து வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கல்லையும் ஒரு பார்வை பார்த்தார். லயத்து வாசல் சிமெண்டு மாதிரி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று காலால் தள்ளிவிட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். தோட்டத்து துரை பங்களாவில் அவருக்கு முப்பது வருட வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடமே புதிதாக ஒரு துரை வந்து, பழைய சிவப்பு சிமெண்ட் படிகளை உடைத்துவிட்டுக் கறுப்புக் கல் போட்டார். குனிந்தால் முகம் தெரியும். மாரியம்மா பின்பக்கத்து வழியாகப் போய்ப் பின்பக்கத்து வழியாகத் திரும்புகிறவர். அந்தப் படியில் ஏறியதெல்லாம் மண்டி போட்டுத் துடைப்பதற்குத்தான். எனக்கென்று ஒரு வீடு வந்தால் இதே கல், இதே பளபளப்பு, ரோட்டில் போகிறவனெல்லாம் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாராம்.

வழுக்குமே அம்மா என்றாள் சசிரேகா. மாரியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“முப்பது வருசம் பாத்திருக்கேன் பிள்ள. துரை, கணக்கெழுதுற கிராணி, வந்த விருந்தாளி, ஒருத்தரும் வழுக்கி விழல லா. நீ என்னமோ புதுசா சொல்ற.”

“ஏம்மா விழல?”

“நான்தான் நின்னு தொடச்சுக்கிட்டே இருந்தேனே.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மாளுக்கே அது காதில் விழுந்தது. பனி இறங்க இறங்கத் துணியும் கையுமாக அங்கே நின்றது, யாராவது வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் இன்னொரு தடவை துடைத்தது எல்லாம் முகத்தில் வந்து போயிற்று.

“இங்க யாரும்மா தொடைப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள் சசிரேகா.

மாரியம்மா சாலையைப் பார்த்தார். “நான்தான். தொடச்சா என்ன? என் வீட்டுப் படிதானே.”

சசிரேகாவுக்கு யார் மேலென்று தெரியாத ஒரு கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்து, பிள்ளை கட்டிய சொந்த வீட்டில், இந்த அம்மாள் மறுபடியும் மண்டி போடுவதா? அதுவும் பாலிஷ் கல்லில், வெறுங்காலோடு, வாளித் தண்ணீரோடு. ஆனால் அந்தப் பளபளப்பு வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? சாம்பல் கல்லைக் கொண்டுவந்து வைத்தால் அந்த அம்மாளுக்கு அது இன்னொரு லயத்து வாசல்தான். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

உமர் அண்ணன் நியாயமாகத்தான் பேசினார். நாம் கொடுக்காவிட்டால் கீழே ஈப்போ டவுனில் எவனாவது கொடுப்பான், அந்த அம்மா விழுவதென்றால் அந்தக் கல்லிலும் விழத்தான் போகிறார், உனக்கு ஒரு வாரம் தருகிறேன், வேறு வழி தெரிந்தால் சொல், இல்லாவிட்டால் பாலிஷ் கல்லை ஏற்றிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. மூன்று நாள் அவளுக்கு இதே வேலை. கடையில் இருந்த அத்தனை கறுப்புக் கல்லையும் நனைத்து, செருப்போடும் வெறுங்காலோடும் நின்று பார்த்தாள். பளபளத்தது எல்லாம் வழுக்கியது. வழுக்காதது எல்லாம் வெளுத்திருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் திரும்பவும் திரிங்காப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே போனாள். நல்ல தூறல். திருச்செல்வத்தின் லோரி வரட்டும் என்று சாலையோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சும்மா நிமிர்ந்து அந்தச் சிமெண்ட் படிகளைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

கொழுந்து எடுத்த காலத்தில் இது அவளுக்குத் தினமும் தெரிந்த விஷயம். மேட்டில் நிற்கிற கங்காணிக்குத் தேயிலைச் செடியின் தலை தெரியும். கீழே லோரிக்காக நிற்கிறவளுக்குச் செடியின் இடுப்புதான் தெரியும். சாலையிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குப் படியின் மேல்பக்கம் தெரியவே தெரியாது! ஒவ்வொரு படிக்கும் நெட்டுக்கு நிற்கிற முன்பக்கம்தான் தெரியும். கால் படுவது மேல்பக்கத்தில். கண் படுவது முன்பக்கத்தில். அடச்சே, இதைக் கண்டுபிடிக்கவா நாலு நாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு நடுரோட்டில் சிரித்தாளாம். லோரியோடு வந்த திருச்செல்வம், இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

அவரோடு அதே லோரியில் கடைக்குப் போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரே கறுப்புக் கல். நடுவிலிருந்த ஐந்து படிகளில், முன்பக்கத்தில் பாலிஷ் போட்ட துண்டைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தாள். மேலே சொரசொரப்பானதை வைத்தாள். பிறகு மாரியம்மாவைக் கைப்பிடித்துச் சாலைக்கு அழைத்துவந்து, இப்போது பாருங்கள் என்றாள்.

தூறலில் அந்த ஐந்து படியும் கறுகறுவென்று மின்னின. மாரியம்மா ரொம்ப நேரம் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். அந்த வழியாகப் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்ததையும் கவனித்துக்கொண்டார். பிறகு படியேறி, தண்ணீர் வாளியைக் கேட்டு வாங்கி, தானே அந்த ஐந்து படியிலும் கொட்டினார். வெறுங்காலை வைத்து அழுத்தினார். சின்னப் பிள்ளை மாதிரி வேண்டுமென்றே சறுக்கிப் பார்த்தார். கால் நகரவில்லை.

“இதத் தொடைக்க வேணாமா?”

“வேணாம்மா. பெருக்கிவிட்டா போதும். மத்தத மழையே கழுவிடும்.”

கிட்டே நின்று பார்த்தால் மேல்பக்கம் சாம்பலாகத்தானே இருக்கிறது என்று திருச்செல்வம் இழுத்தார். கிட்டே வருகிறவன் என் வீட்டுக்கு வருகிறவன், அவன் விழாமல் வந்தால் போதும் என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

உமர் அண்ணனுக்குத்தான் வேலை இரட்டிப்பாயிற்று. ஒரே கல்லை இரண்டு விதமாகச் செய்யவேண்டும், ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அளவு. இரண்டு மாதம் முணுமுணுத்தார். இப்போது கடைக்கு யார் வந்தாலும், மலைமேல் வீடென்றால் படிக்கு இப்படித்தான் போடவேண்டும் என்று தானே கண்டுபிடித்த மாதிரி விளக்குகிறார். சசிரேகா பக்கத்தில் நின்று ‘ஆமாண்ணே’ என்று தலையாட்டுகிறாள். பாருங்கள், எப்பேர்ப்பட்ட மனசு!

பால் காய்ச்சிய அன்றைக்கும் விடியற்காலையிலிருந்து தூறல்தான். பட்டுப்புடவையும் குகனுமாக வந்த சசிரேகா, கல் இறக்க வந்துபோன பழக்க தோஷத்தில் சமையல்கட்டுப் பக்கத்து மண் பாதையில் திரும்பினாள். மேலே வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாரியம்மா பார்த்துவிட்டார்.

“சசி, அங்க எங்க போற? இப்படி ஏறி வா.”

செருப்பைக் கழற்றிவிட்டு இருபத்திரண்டு படியும் ஏறினாள். படியெல்லாம் நனைந்திருந்தது. அவளுக்கு முன்னால் ஊரே ஏறிப்போயிருந்தது. மாரியம்மா அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவிவிட்டு, காதோரமாக ஒரு ரகசியம்போலச் சொன்னார்.

“காலையிலேருந்து தூறுது பிள்ள. நான் ஒரு தடவகூடக் குனியல.”