ஆலங்குடாவில் கேட்ட மணி

இன்று காலை ஆலங்குடாக் கடற்கரையில் தாழம்பற்றைக்குள் ஆட்டு மணி கேட்டது. மெதுவாக அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும்.

பக்கத்தில் குடியிருக்கும் மீன்காரர் சலீம் நானாவின் ஆடுதான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"என்ட ஆடு இந்தா ஊட்டு வாசல்ல நிக்கிது. நீங்க எந்த ஆட்டச் சொல்றீங்க?"



பற்றையை விலக்கினேன். ஒரு கடலாமை. கழுத்தை இறுக்கிச் சுற்றிய தூண்டில் நூல். மீன் கடித்தால் தெரிவதற்காக நூலில் மாட்டுவார்களே, அந்தச் சின்ன மணி அதில் தொங்கியது. ஆமை மூச்சு விடும்போதெல்லாம் மணி அடித்தது.

விஷயத்தைச் சொன்னதும் நானா கத்தியோடு வந்து நூலை அறுத்தார். ஆமை தண்ணீருக்குள் மறைந்ததும் மணியை நான் எடுத்துக்கொண்டேன்.

"நேத்து பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வந்தவங்கட மணி," என்றார் நானா. "கல்லுல சிக்கினதும் நூல அறுத்து உட்டுட்டுப் போய்ட்டாங்க."

"ஒரு நூல்தானே?"

"இல்ல. ரெண்டு."

அவர்களை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு மணி என் மேசையில் பத்திரமாக இருக்கிறது. மற்றது கடலுக்குள் யாருடைய கழுத்திலோ அடித்துக்கொண்டிருக்கிறது.