திருடன் தொடாத கார்

எங்கள் வீட்டுக் காரை யாரும் திருடவில்லை. அந்தப் பெருமையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் சாத்திக்கொள்கிற கிழட்டு ஒஸ்டின் அது. எவனாவது ஒரு புண்ணியவான் அதை நேரத்தோடு திருடிக்கொண்டு போயிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன்.

புதுக் கார் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்த காலம். பழைய கார்களுக்கு மவுசு ஏறிவிட்டது. மாத்தளையில் நிறுத்திவிட்டுப் போன காரைக் களவெடுத்துத் துண்டு துண்டாகக் கழற்றி விற்றுவிட்டார்களாம் என்று அடிக்கடி ஒரு கதை எங்கள் ஊர் பல்லேபொல வரை வரும். அதனால் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தந்திரம் செய்து வைத்திருந்தார்கள். தபால் கந்தோர் ஐயா எஞ்சினிலிருந்து ஒரு சின்னச் சாமானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒரு தடவை அதைச் சட்டையோடு சேர்த்து டோபிக்குக் கொடுத்துவிட்டு நடந்தே திரிந்தார். மிளகு வாங்க வரும் வியாபாரி ஒருவர், ஸ்டார்ட் பண்ணப் பார்த்தால் ஹோர்ன் அலறும்படி வயரை மாற்றி வைத்து, தானே மறந்துபோய் ஊரைக் கூட்டுவார். தந்திரம் இருக்கிறது என்று யாரிடமும் பீற்றிக்கொள்ளலாம். எங்கே இருக்கிறது என்று கட்டிய மனைவிக்கும் சொல்லக் கூடாது. அது அந்த ஆண்களுக்குள் ஒரு சட்டம் போல இருந்தது.

எங்கள் காரில் தந்திரம் செய்தது அண்ணன். அவன்தான் பெரும்பாலும் அதை ஓட்டுவான். சாவியைத் திருப்பி, முன்னால் இருக்கும் குமிழை இழுத்தால் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். அண்ணன் அந்த வயரையும், எஞ்சின் பற்றுவதற்கான வயரையும் வெட்டி, வீட்டில் லயிட் போடுகிற வட்டமான கறுப்பு சுவிச் ஒன்றில் இணைத்து எங்கேயோ ஒளித்துவிட்டான். அதை அணைத்துவிட்டால் கார் வெறும் தகரப் பெட்டி. டவுனில் நிறுத்தும்போது மட்டும் அணைப்பான். வீட்டில் நிற்கும்போது அது தேவையில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஆசிரியர் வேலைக்குக் கண்டியில் நேர்முகப் பரீட்சை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி வந்ததே பெரிய விஷயம். ஆனால் அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற மருமகள் தன் வீட்டுக்குச் சரிவராது என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்தே சொன்னார். அப்பா "சரி அக்கா" என்றார். அன்று பின்னேரம் என்னிடம், "நீ போயிட்டு வாம்மா, நல்லபடியா பதில் சொல்லு" என்றார். அவர் அப்படித்தான். யார் முகத்துக்கு நேரேயும் இல்லை என்று சொல்ல மாட்டார். எங்கள் மளிகைக் கடையில் சீனி தீர்ந்துபோய் மாதக்கணக்கானாலும் "நாளைக்கு வருதுங்க" என்பார். அதைத் தங்கமான குணம் என்று ஊரே புகழ்ந்தது. நானும் நம்பினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் அண்ணனை லொறியோடு லக்கலவுக்குக் கடைக்குக் குரக்கன் மூட்டை ஏற்ற அனுப்பினார். காலை பஸ்ஸில் போவதாக நான் சொன்னேன்.

"பஸ்ஸுல ஏன் கசங்கிப் போகணும்? நானே காருல கொண்டுபோய் விடுறேன்" என்றார் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்பா தன் கையாலேயே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி இழுத்தார்.

"பேட்டரி எறங்கிருச்சு போல. தள்ளுனா புடிச்சிரும்" என்றார்.

தேத்தண்ணிக் கடையிலிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் இறக்கத்தில் உருண்டது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. ஆட்கள் போதாமல் நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினேன். அப்போது பின்னால் பஸ் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் ஏறப் பார்த்தேன்.

"இரும்மா, இந்தத் தடவ புடிச்சிரும்" என்று அப்பா கூப்பிட்டார்.

நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது. அடுத்தது மத்தியானம்தான்; அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். அப்பா இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கண்ணன் களவுக்குன்னு என்னமோ பண்ணி வச்சானே, அத அணைச்சிட்டுப் போயிட்டான் போல. அது எங்க இருக்குன்னு எனக்கு என்னா தெரியும்" என்றார்.

பின்னேரம் அண்ணன் வந்து உட்கார்ந்ததும் கார் ஒரே இழுப்பில் உறுமியது. வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். குற்றம் செய்தவன் அப்படித்தான் போவான் என்று நினைத்தேன். பல வருஷம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை மகனைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகளின் கை பிடித்து அரிச்சுவடி எழுத வைத்திருக்க வேண்டிய கை, அத்தை வீட்டுக் கடையில் பருப்பும் கருவாடும் நிறுத்தது.

அப்பா அந்தக் காரை விற்றபோது நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். மாத்தளையிலிருந்து ஒரு முதலாளி, அதுவரை நாங்கள் பார்த்தே இராத மனிதர், வாங்க வந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அப்பா கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"களவுக்கு ஒண்ணும் பயமில்லீங்க முதலாளி. இந்தா பாருங்க, மகன் வச்ச சுவிச்சு, சீட்டுக்கு அடியில. உக்காந்த எடத்துல இருந்து கையத் தொங்கவிட்டாப் போதும்."

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"நல்லா ஒளிச்சு வச்சிருக்காருங்களே. ஐயாவுக்கு எப்படித் தெரியும்?" என்று முதலாளி சிரித்தார்.

"மகன் மாட்டுன அன்னிக்கே மொதல்ல எனக்குத்தானே காட்டினான்."

கோப்பையைப் பானட்டின் மேல் வைத்துவிட்டு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தக் காலை அவருக்கு ஞாபகம்கூட இல்லை என்று கண்டுகொண்டேன்.

அன்று காலை அந்த இறக்கத்தில் நான் சேலையெல்லாம் சேறாகப் பின்னாலிருந்து தள்ளினேன். அவர் அந்த சுவிச்சின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தள்ளும்மா" என்றார்.